இடியப்ப உரலும் என் விரல்களும்

2006 மார்கழியில் எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சல் வந்தது. யாழ்ப்பாணம் முழுக்க அப்போது சிக்குன்குனியா. ஒழுங்கைக்கு ஒழுங்கை சனம் மதிலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அந்த ஆவணியில்தான் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதையை மூடியிருந்தார்கள், பனடோலுக்கும் வரிசையில் நின்ற காலம். காய்ச்சல் மாறினாலும் மூட்டு நோ மாதக்கணக்கில் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் மற்ற நாலு பேருக்கும் நோ விட்டுப் போன பிறகும் எனக்கு மட்டும் விடாமல் இருந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை.

எனக்கு அப்போது 41 வயது. ஆரம்பப் பிரிவில் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் காட்டிக்கொடுத்தது இடியப்ப உரல். காலமை ஐந்து மணிக்குப் பிழிய உட்கார்ந்தால் மேலுரலை அமத்தக் கை மூடவில்லை. மா குழைத்ததில்தான் பிழை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தேன். மா இளகியது, கை இளகவில்லை. விரல்களில் பசை பூசிக் காயவிட்டது போன்ற இறுக்கம். பத்து மணியளவில் அது தானாக விட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் சோக்கட்டியைப் பிடித்து எழுதும்போது ஒன்றும் தெரியாது. எழும்பியதும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கிற விறைப்பும், வேலை செய்யச் செய்ய அது குறைவதும் எனக்கு வந்த முடக்குவாதம் என்ற மூட்டு நோயின் முக்கிய அடையாளம் என்று பிறகுதான் அறிந்தேன். தேய்மானத்தால் வரும் மூட்டு நோ இதற்கு எதிர்மாறு. அது வேலை செய்யச் செய்யக் கூடும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. என் அம்மம்மாவின் விரல் நுனிகளில், நகத்துக்குக் கிட்ட, சின்னச் சின்ன முண்டுகள் இருந்தன. அது வயதோடு வருகிற தேய்மானம். முடக்குவாதம் பெரும்பாலும் அந்த நுனி மூட்டை விட்டுவிடும். அது பிடிப்பது விரலின் நடு மூட்டையும், முட்டியை மூடினால் மேலே தெரிகிற அடி மூட்டையும், மணிக்கட்டையும். அதுவும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி. எனக்கும் அப்படித்தான் வந்தது. நடு மூட்டுகள் கதிர் போல, நடுவில் பருத்து இரு பக்கமும் ஒடுங்கி வீங்கின. கலியாண மோதிரம் இறுகி, கடைசியில் கஸ்தூரியார் வீதியில் ஒரு பத்தரிடம் போய் வெட்டி எடுத்தேன். அவர் என் விரலைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மோதிரத்தின்ர பிழை இல்லை, டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்றார். காட்டினேன். நான் போன தனியார் மருத்துவர் காய்ச்சலின் மிச்சம்தான் என்று சொல்லி நோக்குளிசை தந்து அனுப்பினார்.

அப்புறம் நடந்ததை எழுதவே எனக்கு மனம் நோகிறது. ஆனாலும் எழுதவேண்டும். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, வாதத்துக்குக் குளிசை கொடுக்கும் ஒருவரிடம் போனேன். கறுப்பு உருண்டைகள், ஒரு சின்னப் போத்தல் நிறைய. மூன்றாம் நாள் நோ இல்லை. ஒரு வாரத்தில் இடியப்பம் பிழிந்தேன், கிணற்றில் தண்ணீர் அள்ளினேன், சாமி கும்பிட்டு அழுதேன். ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் அதை எடுத்தேன். முகம் உருண்டு வந்தது. பார்த்தவர்கள் "நல்லாய்த் தேறியிட்டியள் ரீச்சர்" என்றார்கள். போத்தல் முடிந்து இரண்டு கிழமை பிந்தியபோதுதான் உடம்பு முழுக்க ஒன்றாகப் பிடித்தது. கட்டிலில் இருந்து எழும்ப முடியவில்லை. அந்தக் குளிசையில் ஸ்ரெரோயிட், வீக்கத்தைச் சட்டென்று அடக்கும் மருந்து, கலந்திருக்கவேண்டும் என்று பின்னால் பார்த்த வைத்தியர் சொன்னார், உருண்ட முகத்தின் காரணமும் அதுதான் என்று.

2009இல் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். அடி மூட்டு எலும்புகளின் ஓரத்தில் எலி கறித்தது போலச் சின்னச் சின்ன அரிப்புகள். நோ இல்லாமல் நான் சந்தோசமாக இருந்த மாதங்களிலும் அந்த அரிப்பு நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கு நடந்ததில் மற்றவர்கள் அறியவேண்டியது இதுதான்: நோ நிற்பது வேறு, நோய் நிற்பது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆளை மாறி எங்கள் மூட்டின் உள்சவ்வையே தாக்குகிறது. சவ்வு தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, எலும்பை அரிக்கிறது. நோக்குளிசை நோவைத்தான் அடக்கும், அரிப்பை நிறுத்தாது. அரித்த எலும்பு திரும்ப முளைக்காது. முதல் ஒன்றிரண்டு வருடங்களில்தான் அழிவு வேகமாக நடக்கும். அந்த இரண்டு வருடத்தையும் நான் போத்தலில் கொடுத்துவிட்டேன்.

நோயையே அடக்குகிற மெதொட்ரெக்சேற் தொடங்கினார்கள். கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கிற மருந்து. எனக்கு வியாழக்கிழமை, 2.5 மில்லிகிராம் குளிசை நான்கு. பிறகு ஆறாக்கினார்கள். இதை யாரும் தவறி நாளாந்தம் எடுத்தால் உயிருக்கே ஆபத்து, ஆகையால் கலண்டரில் வியாழனைச் சிவப்பால் வட்டம் போட்டு வைத்தேன். வேறொரு நாளில் போலிக் அசிற் என்ற விற்றமின். ஈரலையும் வெள்ளணுவையும் பார்க்க முதலில் மாதாமாதம் இரத்தம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருக்கால். வெள்ளிக்கிழமை முழுக்க வயிற்றைப் பிரட்டும், மீன் குழம்பு மணந்தால் குசினிக்குள் போகமாட்டேன். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. எட்டாவது கிழமை ஒரு காலமை எழும்பி, விறைப்பு அரை மணித்தியாலத்தில் விட்டதைக் கவனித்தேன். அந்த மருந்தை இன்று வரை விடவில்லை.

ஆனால் பழுதான இடங்கள் பழுதானபடியே அடுத்த வருடங்களில் தங்கள் வேலையைச் செய்தன. அடி மூட்டுகளின் கட்டுகள் தளர்ந்தபடியால் நான்கு விரல்களும் மெல்ல மெல்லச் சின்னி விரல் பக்கம் சாய்ந்தன, சோளகக் காற்றில் ஒரு பக்கம் சரிந்த வாழைகள் போல. நாங்கள் நாளாந்தம் செய்கிற வேலைகளே அந்தப் பக்கம் தள்ளுகின்றன: போத்தல் மூடி திருகுவது, துணி பிழிவது, கோப்பையைக் காதில் பிடித்துத் தூக்குவது. மொழிக்கு, அதாவது விரலின் அடி மூட்டுக்கு, மேலே ஓடவேண்டிய தசைநாண், நாங்கள் நரம்பு என்று சொல்வது, வழுக்கி மொழிகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் விழுந்துவிடும். விழுந்த பிறகு விரலை நிமிர்த்தப் பார்த்தால் அது இன்னும் சரிக்கும்.

வலது நடுவிரல் அன்னத்தின் கழுத்துப் போல ஆனது. நடு மூட்டு பின்பக்கம் வளைய, நுனி குனிந்து நிற்கும். இடது மோதிர விரல் அதற்கு நேர் எதிர். நடு மூட்டு மடங்கியபடி நின்றுவிட, நுனி மேலே தூக்கும். நடு மூட்டின் மேலே இருக்கிற நரம்பு நைந்து விலக, அந்த இடைவெளியால் மூட்டு வெளியே வருவதால் இப்படியாகும் என்று விளங்கப்படுத்தினார்கள். சட்டைத் தெறி ஓட்டைக்குள்ளால் வருவது மாதிரி. என் விரல் தெறி மாதிரி ஆனபோது எனக்குச் சட்டைத் தெறி பூட்ட முடியாமல் போனது. மகள் பூட்டிவிட்டாள்.

எல்லாவற்றிலும் என்னைப் பயப்படுத்தியது 2015இல் நடந்தது. ஒரு காலமை முகம் கழுவும்போது வலது சின்னி விரல் நிமிரவில்லை. நோ துளியும் இல்லை. மற்றக் கையால் தூக்கிவிட்டால் நிமிரும், விட்டால் விழும். நோ இல்லைத்தானே என்று நாலு நாள் விட்டேன். ஐந்தாம் நாள் மோதிர விரலும் விழுந்தது. மணிக்கட்டில் புடைத்து நின்ற எலும்பின் கூரில் தேய்ந்து தேய்ந்து நரம்பு அறுந்திருக்கிறது. அது சின்னி விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக உள்ளே போகுமாம். சத்திரசிகிச்சையில் அந்த எலும்பைச் சீர்படுத்தி, அறுந்த நுனிகளைப் பக்கத்து விரலின் நரம்போடு சேர்த்துத் தைத்தார்கள். இப்போது மூன்று விரலும் ஒன்றாக எழும்பும், ஒன்றாகப் படுக்கும். விரல் திடீரென்று நிமிராமல் போனால், நோகாவிட்டாலும் அன்றைக்கே போங்கோ.

பிறகு தொழிற்சிகிச்சைப் பகுதியில் கையை எப்படிப் பாவிப்பது என்று திரும்பப் படித்தேன். பாரத்தை விரலில் விடாமல் முழங்கைக்கும் தோளுக்கும் மாற்றவேண்டும். சட்டியை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கித் தூக்குகிறேன். துணியைக் குழாயில் சுற்றி, முறுக்காமல், அமத்திப் பிழிகிறேன். அகப்பைக்கும் கத்திக்கும் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றித் தந்தார் என் கணவர். பிடி தடித்தால் விரல் மூடவேண்டியது குறைவு. பேனைக்கும் அதுதான். அந்தப் பேனையால்தான் ஓய்வு பெறும் வரை பிள்ளைகளின் கொப்பியில் 'அ' எழுதிக் கொடுத்தேன். என் அகரத்தின் சுழி முன்னைப் போல் வட்டமாக வரவில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்தே வட்டமாக எழுதினார்கள்.

இரவில் மணிக்கட்டுக்குப் பட்டி போட்டுப் படுக்கிறேன். காலமை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்து மெதுவாக விரல்களை விரித்து மூடுகிறேன். இடியப்பம் இப்போது மகள்தான் பிழிவாள். நான் மா குழைத்துக் கொடுப்பேன். சூட்டு மா கைக்கு நல்ல ஒத்தடம்.

போன பங்குனியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை, 29 வயது, பால்மா ரின்னைத் திறக்கச் சொல்லி மகளிடம் கொண்டுவந்தாள். கைக்குழந்தைக்காரி, தூக்கித் தூக்கித்தான் கை நோகுது என்று சொன்னாள். கையைத் தரச் சொன்னேன். முட்டியை மூடு என்றேன். மூடவில்லை. மூடிய மட்டுக்கும் மொழிகளுக்கு இடையே பள்ளம் தெரியவில்லை, எல்லாம் வீங்கி ஒரே மேடு. நான்கு மொழிகளையும் இரண்டு பக்கத்தாலும் மெல்ல அமத்தினேன். "ஐயோ ரீச்சரம்மா" என்று கையை இழுத்தாள். மற்றக் கையும் அப்படியே. காலமை எவ்வளவு நேரம் இறுகி இருக்கும் என்று கேட்டேன். பிள்ளைக்கு முதல் பால் கரைக்கிறது என்ர மனுசன்தான் என்றாள்.

அடுத்த நாள் விடிய முதலே இரண்டு பேரும் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் நம்பர் எடுத்தோம். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறாளா, அடுத்த பிள்ளை யோசிக்கிறாளா என்று கேட்டுத்தான் மருந்தைத் தீர்மானித்தார்கள், மெதொட்ரெக்சேற் கருவுக்குக் கூடாது. எக்ஸ்ரேயில் அரிப்பு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு நான் வாங்கில் இருந்துவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் மதிலுக்கு மேலால் கையை நீட்டி, "ரீச்சரம்மா, பாருங்கோ" என்று முட்டியை மூடிக் காட்டினாள். நான்கு மொழி, நடுவில் மூன்று பள்ளம்.