முள் அசையவில்லை

மே மாதம், பகல் இரண்டு மணி. மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் நான்குவழிச் சாலையில், சாத்தூரைத் தாண்டியதும் என் டீசல் கார் அணைந்துவிட்டது. இரைச்சல் இல்லை, புகை இல்லை. யாரோ சாவியைத் திருகி எடுத்துவிட்டதுபோல் ஓர் அமைதி. ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மாவின் குடைநிழலில் அரை மணி நேரம் நின்றோம். பிறகு சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்கியது.

அடுத்த பத்து நாளில் மூன்று முறை இதே கதை. மூன்றும் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு.

பணிமனையில் டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். அதற்கும் அடங்காததால், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்ப வேண்டும், இருபதாயிரம் வரை ஆகும் என்றார்கள். தேய்ந்த இன்ஜெக்டரும் சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி விளக்கை அணைத்ததுபோல் நிற்குமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியைத் திருப்பி எடுத்துவந்து, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுது எண்ணைப் படிக்கும் ஓர் ஓபிடி கருவி வாங்கி ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினேன். கைப்பேசியில் வந்த எண் பி0335. கிராங்க் சென்சார் சர்க்யூட். கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு.

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. எந்த நொடியில் டீசலைப் பீய்ச்சுவது என்பதுதான் எல்லாமே. கிராங்க்கோடு சுற்றும் பல்சக்கரத்தை இந்தச் சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் அறுபது பற்களுக்கான இடம். அதில் இரண்டு பல் இருக்காது. அந்த இடைவெளியை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. அந்தச் சைகை நின்றால் டீசலும் நின்றுவிடும்.

உடனே புதுச் சென்சார் வாங்கியிருப்பேன். தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாச்சி தடுத்தார். "எண் சொல்வது சர்க்யூட்டைத்தான் தம்பி. ஒயர் அறுந்திருந்தாலும் இதே எண்தான் வரும். சூட்டில் வருகிற நோயைச் சூட்டில்தான் பார்க்க வேண்டும்."

வண்டியை ஓட்டி ஓட்டி, நிற்கும்வரை சூடேற்றினோம். நின்றதும் அவர் என்னை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லிவிட்டு, எஞ்சின் சுற்றும் வேகத்தைச் சொல்லும் ஆர்பிஎம் முள்ளைக் காட்டினார். எஞ்சின் சுற்றுகிறது, முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்கிறது. கைப்பேசியிலும் பூஜ்யம். சென்சாரிலிருந்து சைகை வரவில்லை. எல்லா வண்டியிலும் முள் இதைக் காட்டிக்கொடுக்காது. என் வண்டியில் காட்டியது. சாத்தூரிலேயே அது கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. நான் வெப்பமானியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

என் வண்டியில் இருப்பது இரண்டு ஒயர் சென்சார், உள்ளே ஒரு கம்பிச்சுருள். காலையில் ஆறிய நிலையில் மல்டிமீட்டர் 870 ஓம் காட்டியிருந்தது. இப்போது இடது ஓரத்தில் வெறும் 1, அதாவது இணைப்பே இல்லை. சுருள் சூட்டில் விரிந்து எங்கோ விட்டுப்போகிறது என்று பொருள். கம்ப்யூட்டர் வரை போகும் இரண்டு ஒயர்களையும் ஆட்டி ஆட்டிச் சோதித்தார், பழுதில்லை. வாளித் தண்ணீரில் துணியை நனைத்துச் சென்சார்மேல் வைத்தார். சில நிமிடத்தில் மீட்டர் மீண்டும் எண்களைக் காட்டியது, வண்டியும் ஓடியது. அந்த ஈரத்துணியை நான் இன்னும் மறக்கவில்லை.

மாற்றுவது பெரிய வேலையில்லை. அடித்தட்டைக் கழற்ற வேண்டும், பிறகு ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட். துருப்பிடித்து ஒட்டியிருந்ததால் அசைத்து அசைத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. புதுச் சென்சாரும் கூலியும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள். எண்ணை அழித்துவிட்டு, மறுநாள் அதே வெயிலில் கயத்தாறு வரை போய்வந்தேன். நிற்கவில்லை.

பழைய சென்சாரின் நுனியில் காந்தம் உண்டு. வெளியே வந்தபோது இரும்புத் துகள் மீசைபோல் ஒட்டியிருந்தது. துடைத்து மேசையில் வைத்தேன். இப்போது வீட்டில் குண்டூசி சிதறினால் பொறுக்க அதைத்தான் தேடுகிறார்கள்.