வேன் சிங்க்கில் வந்த சாக்கடை வாடை: இதுவரை செய்து பார்த்தவை

ஒகேனக்கல் போய்வந்த அன்றுதான் முதலில் தெரிந்தது. காலையில் பென்னாகரத்தில் நிறுத்தி டீ குடித்தபோது ஒன்றுமில்லை. மலைப்பாதையில் இறங்கி ஏறி, இரவு கிருஷ்ணகிரி வந்து கதவைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. மீன் கழுவிய தண்ணீர் வண்டிக்கு அடியில் இருக்கும் 20 லிட்டர் கழிவுத் தொட்டிக்குத்தான் போயிருந்தது. அதனால் பழியைத் தொட்டி மேல் போட்டேன்.

மூன்று வாரம் தொட்டியோடுதான் மல்லுக்கட்டினேன். பினாயில் ஊற்றினால் இரண்டு நாள் பினாயில் வாடை, மூன்றாம் நாள் பழையபடி. சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து ஊற்றினேன். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு நுரைத்து அடங்கிவிட்டன. கடைசியில் தொட்டியைக் கழற்றினேன். உள்சுவர் முழுக்க வெள்ளைப் பிசுக்கு. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், அதில் சோப்பு நுரைக்காது, திரிந்துபோய் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் எண்ணெய் படிந்து, காற்றுப் படாத அடுக்கில் கிருமிகள் பெருகும்போதுதான் ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அந்த முட்டை வாடை, வருகிறது.

சிட்ரிக் ஆசிட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஒரு இரவு ஊறவைத்தேன். (இதோடு பிளீச்சிங் பவுடர் எக்காரணம் கொண்டும் சேரக்கூடாது, குளோரின் வாயு வரும்.) அலசிவிட்டு, பாதித் தொட்டி சோப்புத் தண்ணீரோடு தொப்பூர் கணவாய் வரை ஓட்டி வந்தேன். குலுக்கலிலேயே மிச்சப் பிசுக்கும் விட்டுவிட்டது. வீட்டு உறிஞ்சுகுழியில் திறந்துவிட்டேன், தொட்டி சுத்தம்.

ஆனால் அஞ்செட்டி போய்வந்ததும் மறுபடி வாடை! அன்று உண்மையிலேயே மனசு விட்டுப்போனது.

பிளம்பிங் கடை அண்ணன் கேட்டார்: "தொட்டிய விடுங்க சார். டிராப்புல தண்ணி நிக்குதா, பாத்தீங்களா?"

பார்க்கவே இல்லை. டிராப் என்பது சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கும் பைப். அதில் கொஞ்சம் தண்ணீர் தங்கி, தொட்டிக் காற்றை மேலே விடாமல் அடைத்து நிற்க வேண்டும். வீட்டில் அது அசையாது. கொண்டை ஊசி வளைவுகளில் அலம்பித் தளும்பி வெளியேறிவிடுகிறது. சோதித்துப் பார்க்க, அடுத்த பயணத்தில் ஈரத்துணியைச் சுருட்டிச் சிங்க் ஓட்டையை இறுக்க அடைத்தேன். இரவு வரை வாடையே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. என் தொட்டிக்குக் காற்றுக் குழாய் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் குளுக் குளுக்கென்று காற்று சிங்க் வழியாகவே மேலே வரும். தொட்டியைத் திறந்துவிடும்போது டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். தொட்டியின் மேல்மூலையில் அரை அங்குலக் குழாய் வைத்து, ஜன்னலுக்கு எட்டாமல் பின்பக்கமாகக் கூரை வரை ஏற்றினேன். சிங்க்குக்கு அடியில் சிலிக்கான் ஒருவழி வால்வு போட்டேன். தண்ணீர் இறங்கும்போது விரியும், மற்ற நேரம் உதடுபோல் மூடிக்கொள்ளும், குலுங்கினாலும் கவலையில்லை.

அதற்குப் பிறகு ஏற்காடு ஒருமுறை, தளி இரண்டு முறை போய்விட்டோம். வாடை இல்லை. வால்வில் ஒரு சோற்றுப் பருக்கை சிக்கினாலும் சரியாக மூடாது, அதனால் தட்டுகளைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் இப்போது கழுவுகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி அலசுகிறேன்.