பூச்சி மாத்திரை நாள்: எங்கள் பள்ளியில் இடறிய இடங்கள்

குடற்புழு நீக்க மாத்திரை நாளில் விடுபட்ட பிள்ளைகளுக்கும் பிப்ரவரி 17 அன்று கொடுத்து, பதிவேட்டை ஒப்படைத்த பிறகுதான் நிம்மதியானது. நடுநிலைப் பள்ளியில் இந்தப் பொறுப்பை ஏற்பவர்கள் அடுத்த மாத்திரை நாளான ஆகஸ்ட் 10க்கு முன் இதைப் படித்துவிட்டால் எங்களுக்கு ஆன அலைச்சல் அவர்களுக்கு மிச்சம்.

முதல் கோளாறு எண்ணிக்கையில். தேவைப் பட்டியலில் ஜூன் மாதக் கணக்கைப் போட்டுவிட்டோம். அதன்பின் சேர்ந்தவர்கள் அதில் இல்லை. 19 மாத்திரை குறைந்தது. மாத்திரை நாளன்று காலையே சுகாதார நிலையத்துக்கு ஓடினால், தலைமை ஆசிரியரின் கடிதமும் முத்திரையும் இல்லாமல் ஓர் அட்டைகூடத் தர முடியாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போய்வர 14 கிலோமீட்டர் வீண். எண்ணிக்கையை அந்த வாரத்து எமிஸிலிருந்து (கல்வித்துறையின் இணையவழி மாணவர் பதிவு) எடுங்கள். முத்திரையிட்ட கடிதம் ஒன்றை முன்கூட்டியே வாங்கிப் பையில் வையுங்கள்.

அடுத்தது மெல்லும் சிக்கல். அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையை நன்றாக மென்று விழுங்க வேண்டும். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் உள்ளவர்கள் வாராவாரம் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை மெல்லாமல் விழுங்கிப் பழகியவர்கள். இதையும் அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்கள். சிலர் நாக்கடியில் ஒளித்துக்கொண்டார்கள்; ஏழாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே மூன்று மாத்திரைகள் கிடந்தன. வீட்டுக்குக் கொடுத்தனுப்பவே கூடாது. பத்துப் பத்துப் பேராக நிறுத்தி, மென்றதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்ன பிறகுதான் பதிவேட்டில் டிக் போட வேண்டும். ஒன்றாம் வகுப்புக்குப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், புரையேறாது.

எங்களை உண்மையிலேயே நடுங்க வைத்தது வாந்தி. ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு உண்டு. ஆறு முதல் எட்டு வரை கிடையாது. பலர் வெறும் வயிற்றோடு வருவது தெரிந்தும் காலையிலேயே கொடுத்துவிட்டோம். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தாள். எல்லோர் கண்ணிலும் படும்படி வராந்தாவில் படுக்க வைத்ததுதான் பெரிய தவறு. பத்து நிமிடத்தில் இன்னும் எட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வயிற்றில் புழு அதிகமாக இருந்தால் லேசான வலியும் குமட்டலும் வரும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். மற்றவர்களுக்கு வந்தது பயம். பெரிய வகுப்புகளுக்குச் சத்துணவுக்குப் பிறகு கொடுங்கள். யாருக்காவது முடியவில்லை என்றால் தனி அறையில் காற்றோட்டமாகப் படுக்க வையுங்கள்; கூட்டம் கூட விடாதீர்கள்; மருத்துவ அலுவலரின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். காய்ச்சலோடு வந்தவர்களுக்கு அன்று வேண்டாம், 17ஆம் தேதி கொடுக்கலாம்.

மாத்திரை இப்போது வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். நாளை வருவதைத் தடுக்காது. அதனால் கை கழுவும் பாடத்தை முந்தின வாரமே நடத்திவிட வேண்டும். சார்ட்டைக் காட்டினால் யாரும் பார்ப்பதில்லை. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஐந்து பேர் கையில் பூசுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். விரலிடுக்கெல்லாம் மஞ்சள் அப்படியே நிற்கும். பிறகு சோப்புப் போட்டு இருபது வினாடி தேய்க்கட்டும். பெரும்பகுதி போய்விடும், நகக்கண்ணில் மட்டும் நிற்கும். உருண்டைப்புழு முட்டை மண்ணோடு ஒட்டியிருப்பது அங்கேதான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. கொக்கிப்புழு வெறுங்காலைத் துளைத்து ஏறி ரத்தத்தைக் குடிப்பதையும், இரும்புச்சத்து மாத்திரை ஏன் தருகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

குழாயடியில் வைத்த சோப்பு இரண்டாம் நாளே காணாமல் போனது. வெங்காய வலைப்பையில் போட்டுக் குழாயோடு கட்டினோம், நின்றது. தண்ணீர்தான் பெரும்பாடு. காலையில் நிரம்பும் தொட்டி 11 மணிக்கே காலி, பிள்ளைகள் சாப்பிட உட்காருவதோ 12.30க்கு. ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டரிடம் நான்கு முறை போய்ப் பேசிய பிறகு, இப்போது 12 மணிக்கும் மோட்டார் போடுகிறார்.