பன்னிரண்டு மீட்டர் கேபிளும் ஒரு ஃபேன் ரெகுலேட்டரும்

எங்கள் வீட்டு ஹாலில் இசைத்தட்டு சுழலும் டர்ன்டேபிளும், அதன் மெல்லிய சிக்னலை வாங்கி அனுப்பும் ப்ரீஆம்ப்பும் வாசல் பக்கச் சுவரோரம் இருக்கின்றன. ஸ்பீக்கர்கள் எதிர்ப்பக்கம். நடுவில் அம்மா நடமாடும் வழி, அங்கே தரையில் ஒயர் கிடக்கக் கூடாது. சுவரை ஒட்டிச் சுற்றி அளந்தால் ஒவ்வொரு சேனலுக்கும் 12 மீட்டர்.

ஸ்பீக்கர் ஒயரையே அவ்வளவு தூரம் இழுத்திருக்கலாம். ஆனால் 2.5 ஸ்கொயர் செம்பு ஒயரில்கூட போக வர 24 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.18 ஓம் வந்துவிடும். என் ஸ்பீக்கரின் தடை சில அதிர்வெண்களில் 3 ஓம் வரை இறங்கும், அதற்கு முன்னால் ஒயரில் இவ்வளவு தடை அதிகம். அதனால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்பை ஸ்பீக்கர் பக்கத்திலேயே வைத்துவிட்டு, ப்ரீஆம்ப்பிலிருந்து நீளமான கேபிள் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

முதலில் வீட்டு ஆடியோவில் வழக்கமாக வரும் ஆர்சிஏ கேபிள் போட்டுப் பார்த்தேன். ஃபேனை மூன்றில் வைத்தவுடன் ஸ்பீக்கரில் 'ஜ்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். வழவழவென்று திருகும் பழைய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்ட் அலையை நொடிக்கு 100 முறை வெட்டுகிறது, அந்தச் சத்தம்தான். ஆர்சிஏவில் மேலே சுற்றியிருக்கும் ஷீல்டுதான் சிக்னல் திரும்பும் வழியும். இரண்டு கருவிகளும் வேறு வேறு ப்ளக் பாயின்ட்டில் இருந்தால், எர்த்துக்கு எர்த் ஓடும் சின்ன கரண்ட்கூட அதன் வழியாகப் பாட்டோடு சேர்ந்துகொள்கிறது. ப்ளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் சரியாகும் என்று ஒரு நண்பர் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உயிர் போகிற விஷயம்.

அதனால் பேலன்ஸ்ட் என்ற வகைக் கேபிளுக்கு மாறினேன். அதில் சிக்னலுக்குத் தனியாக இரண்டு கம்பி, ஷீல்டு வேறு. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும், பவர் ஆம்ப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் சிக்னல் போவதால்தான் இது நடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முக்கியம், இரண்டு கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே உள்ள இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு இருக்கும் தடை, சமமாக இருப்பது. பழைய டெலிபோன் லைன்கள் ஷீல்டே இல்லாத முறுக்குக் கம்பியில் பல கிலோமீட்டர் போனதும் இந்தச் சமநிலையால்தான்.

கேபிளுக்கு கனாரே எல்-4இ6எஸ் வாங்கினேன். நான்கு கம்பி முறுக்கிய ஸ்டார் குவாட். கரண்ட் ஒயர் வழியில் குறுக்கிடும் வீட்டில் காந்தப்புல இரைச்சலை இது நன்றாகவே தடுக்கும். அதற்குக் கொடுக்கும் விலை, கம்பிகளுக்கு நடுவே மின்னேற்றம் தங்கி மேல் அதிர்வெண்களைக் குறைக்கும் கெபாசிட்டன்ஸ்: மீட்டருக்குச் சுமார் 150 பிக்கோஃபாரட், 12 மீட்டருக்கு 1800. என் ப்ரீஆம்ப் அவுட்புட் இம்பீடன்ஸ் 100 ஓம், ஆகவே மேல் அதிர்வெண்கள் வெட்டுப்படும் எல்லை 880 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே, கவலையே இல்லை. இதே கேபிளை 2000 ஓம் அவுட்புட் உள்ள வால்வ் ப்ரீஆம்ப்பில் போட்டால் 44 கிலோஹெர்ட்ஸிலேயே வெட்டு விழும். 20 கிலோஹெர்ட்ஸில் 0.8 டெசிபல் குறைந்திருக்கும். நீளமான கேபிள் வாங்கும் முன் பார்க்க வேண்டியது ப்ரீஆம்ப் மேனுவலில் இருக்கும் அந்த ஓம் கணக்கைத்தான், அதற்கப்புறம்தான் கேபிளின் பெயரை.

அதற்கு முன்னால் ரெடிமேடாக ஒரு ஜோடி பேலன்ஸ்ட் கேபிள் வாங்கியிருந்தேன். மாட்டியதும் மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை மட்டும் கேட்கிறது, தாழ்ந்த நாதம் தரும் இடது பக்கமான தொப்பியைக் காணோம். பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக் கிடக்கிறார். மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் சத்தம் போடும் பீப்பில் வைத்து, இரு முனைகளிலும் உள்ள மூன்று பின்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். இடது கேபிளில் 1-க்கு 1 பீப் அடித்தது. 2-க்கு 2 மௌனம். 2-க்கு 3 பீப்! ஒரு முனையில் மட்டும் கம்பி மாறியிருந்தது. ஒரு சேனல் தலைகீழாகிவிட்டால் தாழ்ந்த ஸ்வரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ரிச்சி ஸ்ட்ரீட் போய் நியூட்ரிக் கனெக்டர் நான்கு வாங்கிவந்து நானே சால்டர் செய்தேன். வெள்ளைக் கம்பி இரண்டையும் சேர்த்து பின் 2, நீலம் இரண்டையும் சேர்த்து பின் 3, ஷீல்டு பின் 1. எதிரெதிரே இருக்கும் இரண்டும் ஒரே நிறம். அந்த ஜோடியைப் பிரித்துவிட்டால் ஸ்டார் குவாட்டின் பயனே போய்விடும். ஷீல்டின் மெல்லிய இழைகளை ஊசியால் பிரித்து, முறுக்கி, ஸ்லீவ் போட்டேன். ஒரு இழை தப்பி 2-ஐத் தொட்டால் போச்சு.

எலெக்ட்ரீஷியன் அண்ணன், "சார், ஏற்கெனவே இருக்கிற பைப்லயே விட்டுடலாமே" என்றார். "வேண்டாம்ணே, கரண்ட் ஒயரோட சேர்ந்து ஓடக் கூடாது. தனி கேசிங் அடிங்க. குறுக்கே வர்ற இடத்துல நேர் செங்குத்தா தாண்டட்டும்" என்றேன். பொறுமையாக ஒன்றரை அடி தள்ளிக் கீழே அடித்துக் கொடுத்தார்.

அன்று ராத்திரி ஃபேனை மூன்றில் வைத்து, வால்யூமை ஏற்றி, ட்வீட்டரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் இருந்தது. அது ஆம்ப்பினுடையது. அப்புறம் தட்டு வைத்தேன். தொப்பி தொப்பியாகக் கேட்டது. உள்ளே இருந்து அம்மா, "மிருதங்கம் யாருப்பா?" என்றார்.