வாவிப் படங்களை வீட்டிலேயே அச்சிட: பிரிண்டரும் திரையும் கணினியும் தெரிவு செய்த விதம்

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் வீச்சு வலை எறிபவர்களை வெகு காலமாகப் படம் பிடித்து வருகிறேன். அந்தப் படங்கள் போனுக்குள்ளேயே கிடப்பதில் எனக்கு மனமில்லை. ஏ4 அளவில் அச்செடுத்து, பிரேம் போட்டு, படத்தில் இருப்பவர்களின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

கடையில் போய் நின்றால் பேச்சு புரொசசரில் தொடங்கிவிடும். நான் மறுபக்கத்தால் வந்தேன். முதலில் சுவரில் தொங்கப் போகும் படம், அதற்கேற்ற பிரிண்டர், பிறகு திரை, கடைசியில் கணினி. படம் அச்சிடப் போகிறவர்கள் இந்த ஒழுங்கில் யோசித்தால் காசு போக வேண்டிய இடத்துக்குப் போகும் என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கு லேசானது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால், ஏ4 தாளுக்கு 3508 × 2480 வேண்டும், ஏறக்குறைய 87 இலட்சம் பிக்சல். என் கமரா தருவது 6000 × 4000. ஏ3 வரைக்கும் தாராளமாகப் போதும். ஆகவே கமராவை மாற்றும் பேச்சே எழவில்லை.

அதிக நேரம் எடுத்தது பிரிண்டர்தான். மட்டக்களப்பு டவுனில் கண்ணில் படுபவை பெரும்பாலும் போத்தலிலிருந்து மை ஊற்றும் நான்கு நிற டேங்க் பிரிண்டர்கள். பிள்ளைகளின் பாடசாலை வேலைக்கு அவை அருமையானவை. படம் என்று வரும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று கறுப்பு மை. கெனன் ஜி3010 போன்றவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை (நிறம் நுண்துகளாக மிதப்பது), மற்ற மூன்றும் டை மை (நிறம் கரைந்திருப்பது). பளபளப்பான போட்டோ கடதாசிக்கு அந்தப் பிக்மென்ட் கறுப்பு ஒத்துவராது. பிரிண்டர் அதை ஒதுக்கிவிட்டு மூன்று நிறங்களையும் கலந்துதான் கறுப்பைச் செய்யும். அந்தக் கறுப்பு முழுக் கறுப்பாக விழாது. வெயிலில் நின்று தொழில் செய்கிற எங்கள் ஆட்களின் முகங்களை அச்செடுக்க நினைப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. கன்னத்துக்கும் தாடைக்கும் நடுவில் உள்ள நிழல்தான் முகத்துக்கு வடிவம் கொடுப்பது.

மற்றது வெளிர் நிறங்கள். நான்கு நிற பிரிண்டர் வெளிர் நீலத்தைக் காட்டுவதற்கு அடர்ந்த சியான் (பச்சை கலந்த நீல) மையை ஐதாகத் தெளிக்கும். ஆறு நிறப் பிரிண்டரில் வெளிர் சியான், வெளிர் மஜெந்தா (ஊதாச் சிவப்பு) என்று தனி மைகள் இருப்பதால் புள்ளிகள் நெருக்கமாக விழும். ஒரே படத்தை இரண்டு வகையிலும் அச்செடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சூரியன் எழும்ப முந்திய வாவி வானம் அது. நான்கு நிற அச்சில் மணல் தூவியது போல நீலப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஆறு நிற அச்சில் நீலம் ரோசாவாக மாறும் இடம் எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதோடு முடிவு செய்துவிட்டேன். எப்சன் எல்8050: ஏ4 வரை, ஆறு டை மை, ஓரம் விடாமல் அச்சிடும். ஸ்கானர் கிடையாது, எனக்குத் தேவையும் இல்லை.

பிக்மென்ட் மையிலேயே முழுப் படத்தையும் அச்சிடும் பெரிய பிரிண்டர்கள் உண்டு. அவற்றின் படங்கள் வெளிச்சத்துக்கு நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அவற்றுக்கு மை வாங்கிக் கட்டாது. டை மை வெயில் பட்டால் மங்கும், அதனால் படத்தைக் கொடுக்கும்போதே வெயில் விழாத சுவரில் மாட்டச் சொல்கிறேன். மலிவாகக் கிடைக்கும் மாற்று மைகளை நான் தொடுவதில்லை. கலியாண வீட்டுப் படங்கள் 4 × 6 அளவில் கட்டுக்கட்டாக வேண்டுமென்றால் ஸ்டூடியோவுக்குக் கொடுப்பதுதான் புத்தி. அங்கே செலவும் குறைவு, வேலையும் குறைவு.

அடுத்தது திரை. மனம் விட்டுச் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான். ஐபிஎஸ் பனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) உள்ளதாக இருக்க வேண்டும். மலிவான டிஎன் பனலில் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே நிழல் பகுதி வெளுக்கும், எதை நம்பித் திருத்துவது? நான் எடுத்தது பாவித்த டெல் யு2412எம், 24 அங்குலம், 1920 × 1200. படத்துக்கு 16:10 உயரம் வசதியாக இருக்கிறது.

“திரையில் நல்லாத்தான் இருக்கு, அச்சில் இருட்டா வருது” என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் பிரிண்டரில் பிழை இருக்காது. திரையின் வெளிச்சம்தான் கூடிப்போயிருக்கும். இந்த மொனிட்டர் முழு வெளிச்சத்தில் 300 கன்டெலா (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும். அச்சு வேலைக்கு 80 முதல் 120 வரை போதும். அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பகலில் யன்னலோரம் மேசையைப் போட்டு, திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு போட்டோ கடதாசியைப் பிடியுங்கள். இரண்டு வெள்ளையும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். நேரடி வெயில் கடதாசியில் விழக்கூடாது. முதலில் திரை மங்கலாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். பிறகு விண்டோஸிலேயே இருக்கும் கலர் கலிபிரேஷனை ஒரு தடவை ஓட்டினால் தொடங்குவதற்குப் போதும்.

நிற எல்லை பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லை 1996இல் சாதாரண மொனிட்டர்களை மனதில் வைத்து வந்தது. பாசிக்குடாக் கடலின் பச்சை கலந்த நீலம் அதற்குள் முழுதாக அடங்காது. அடோபி ஆர்ஜிபி என்ற மற்ற எல்லை கொஞ்சம் கூட இடம் கொடுக்கும். ஆறு நிற மையும் அந்தப் பக்கம் கொஞ்சம் தாண்டிப் போகும். அதனால் கமராவில் ரோ கோப்பாகவே (கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து வைக்கிறேன். அச்சிடும்போது நிறத்தைக் கவனிக்கும் பொறுப்பை மென்பொருளுக்குக் கொடுங்கள், அல்லது பிரிண்டர் டிரைவருக்கு (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கொடுங்கள். இரண்டும் சேர்ந்து திருத்தினால் முகமெல்லாம் சிவக்கும்.

கணினிக்குக் காத்தான்குடியில் பாவித்த மெஷின்கள் விற்கிற நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) போனேன்.

“தம்பி, கேமுக்கா, படத்துக்கா?”

“படத்துக்கு, நானா.”

“அப்ப கிராஃபிக்ஸ் கார்ட்டுக்குக் காசு குடுக்காதீங்க. ரேம்மைக் கூட்டுங்க.”

சரியான பேச்சு. 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட் டிஃப் கோப்பாக்கினால் சுருக்காத நிலையில் ஒன்றே 144 மெகாபைட். படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில் நாலைந்து லேயர் (ஒன்றின்மேல் ஒன்றான அடுக்கு) போட்டால் 8 ஜிபி ரேம் திணறத் தொடங்கும். 16 ஜிபி போட்டேன். ஐ5 எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகவில்லை. விண்டோஸ் 11 இன்டெல்லில் அதிகாரபூர்வமாக அங்கிருந்துதான் தொடங்குகிறது, விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் பழகியவர்கள் இன்னும் பழைய மெஷினிலும் சமாளிக்கலாம். விண்டோஸ் ஓடும் டிரைவ் வேகமான எஸ்எஸ்டி, படங்களைச் சேர்த்து வைக்கச் சாதாரண ஹார்ட் டிஸ்க். ரோ கோப்பைத் திறக்க டார்க்டேபிள் பாவிக்கிறேன், அது இலவசம். இரவுப் படங்களில் விழும் நொய்ஸ் புள்ளிகளைத் துப்புரவாக்கும்போது மட்டும் தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் இருந்தால் வேகம் கூடும். நான் காத்திருக்கிறேன், பரவாயில்லை.

கரண்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். இப்போது அப்படி இல்லாவிட்டாலும், அச்சு ஓடும்போது கரண்ட் போனால் பிரிண்டர் ஹெட் (மை தெளிக்கும் பகுதி) தன் மூடிக்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிடும். மை காய்ந்து நொசில் (மை வரும் நுண்துளை) அடைக்கும். கணினியோடு பிரிண்டரையும் யூபிஎஸ்ஸில் போட்டிருக்கிறேன். இன்க்ஜெட்டுக்கு அது தாங்கும், லேசர் பிரிண்டரை அப்படிப் போடக்கூடாது. பிரிண்டரை அதன் சொந்தப் பட்டனில்தான் நிறுத்த வேண்டும், சுவர் சுவிட்சில் அல்ல. கிழமைக்கு ஒரு தடவை எல்லா நிறமும் உள்ள சின்னப் படம் ஒன்றை அச்செடுப்பது, ஹெட் கிளீனிங் ஓட்டி மையைக் கொட்டுவதைவிட இலாபம்.

கார்த்திகை, மார்கழி மழையில் கடதாசி ஈரம் குடித்து ஓரம் சுருளும். சுருண்ட தாள் ஹெட்டில் உரசிக் கறுப்புக் கோடு போடும். கடதாசிப் பெட்டியைத் திறந்த பிறகு இறுக மூடும் சிப் பையில், சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். டிரைவரில் கடதாசி வகையைச் சரியாகக் குறிப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். எவ்வளவு மை விட வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அச்செடுத்த படத்தை ஒரு நாளாவது காய விட்டு, கண்ணாடியில் ஒட்டாமல் இடையில் மவுண்ட் அட்டை வைத்துத்தான் பிரேம் போட வேண்டும். எங்கள் ஈரக்காற்றில் கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரித்தெடுக்க முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடி, கல்லடிப் பக்கம் எத்தனையோ குடும்பங்களின் அல்பங்கள் கடலோடு போயின. இறந்தவரின் முகத்தைப் பார்க்க ஒரு படமும் மிஞ்சாத வீடுகள் உண்டு. அதனால் ஒரு பிரதியை வெளி ஹார்ட் டிஸ்கில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் மாமி வீட்டில் வைக்கிறேன். போய்வரும்போதெல்லாம் புதிய படங்களைச் சேர்த்துவிடுவேன். வீட்டில் எத்தனை பிரதி இருந்தாலும் எல்லாம் ஒரே வெள்ளத்துக்குப் போகக்கூடியவை.

இப்போது கையில் இருப்பது எங்கள் நாட்டுக்கூத்து வகையான வடமோடிக் கூத்துப் படங்கள். உடுப்பின் மினுக்கம் பளபளப்புக் கடதாசியில் அழகாக விழுகிறது, ஆனால் களரியின் (கூத்து ஆடும் இடம்) இருட்டு ஒரே கறுப்பாகக் கலந்துவிடுகிறது. பளபளப்பில்லாத மேட் கடதாசிக்குப் போனால் கறுப்பு இன்னும் மெலியும், அது வழியல்ல. நிழலை டார்க்டேபிளில் வெவ்வேறு அளவில் உயர்த்தி, படத்தின் ஒரே துண்டை மூன்று கீற்றாக ஒரே ஏ4 தாளில் அச்செடுத்தேன். அண்ணாவியாரின் (கூத்தைப் பழக்கும் ஆசான்) மத்தளத்து விரல்கள் இரண்டாவது கீற்றில் பிரிந்து தெரிகின்றன. மூன்றாவதில் இருட்டு சாம்பலாகிவிட்டது. முழு அச்சை இரண்டாவதின் அளவில் எடுக்கப் போகிறேன்.