ரிட்டயர்மென்ட்டுக்கு முன்னாடியே ஹெல்த் பாலிசி எடுத்த அனுபவம் (சேலம்)

இந்த வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் வேலைய விட்டு நிக்கிற அன்னைக்கே முடிஞ்சிரும், அதனால 2024லயே எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் சேத்து தனியா ஒரு பாலிசி எடுத்துட்டேன். "கம்பெனி கவர் இருக்கும்போது எதுக்குண்ணா தண்டமா கட்டுறீங்க"ன்னு கேக்காத ஆளில்லை. காரணம் இதுதாங்க, எனக்கு சுகர், அவங்களுக்கு பிரஷர். ஏற்கனவே இருக்கிற வியாதிக்கு புது பாலிசில அதிகபட்சம் 3 வருஷம் வெயிட்டிங் பீரியட், அதுக்குள்ள அந்த வியாதினால அட்மிட் ஆனா காசு வராது. அந்த 3 வருஷத்துல பெரும்பகுதி கம்பெனி கவர் இருக்கிறப்பவே ஓடிரட்டும்னுதான் முன்கூட்டியே எடுத்தேன்.

ஃபார்ம் நெரப்ப வந்த ஏஜென்ட் தம்பி "சார் சுகர்னு போட்டா பிரீமியம் ஏறும், இல்லைன்னே போட்ருவோம்"னு மெதுவா சொன்னாரு. வேண்டாம் தம்பி எல்லாத்தையும் எழுதுங்கன்னு பக்கத்துலயே உக்காந்துட்டேன். மெட்ஃபார்மின் காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு, எந்த வருஷத்துல இருந்து, கடைசியா பாத்த ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) எவ்வளவு, எல்லாம் எழுதி, அஸ்தம்பட்டில லேப் டெஸ்ட்டும் ஈசிஜியும் எடுத்து, வியாதி இருக்குன்னு பிரீமியத்துல லோடிங்னு கொஞ்சம் கூடவே போட்டாங்க, கட்டிட்டேன். மறைச்சு எடுத்தா நாளைக்கு ஆஸ்பத்திரி ஃபைல்ல "10 வருஷமா சுகர்"னு டாக்டர் எழுதுற ஒத்த வரி போதும், கிளைம் போயிரும். பாலிசி 5 வருஷம் ஓடிட்டா, மறைச்சீங்கன்னு சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கிளைம மறுக்க முடியாதும்பாங்க, ஆனா மோசடின்னு நிரூபிச்சா அப்பவும் மறுப்பாங்க. தயவுசெஞ்சு யாரும் மறைக்காதீங்க.

அடுத்து ரூம் வாடகை. சில பாலிசில இதுக்கு லிமிட் இருக்கும், 5 லட்சம் பாலிசில 1 சதவீதம்னா ஒரு நாளைக்கு 5,000. நீங்க 10,000 ரூபா ரூம் எடுத்தா வாடகைல மட்டும் பாதி போகும்னு நெனைக்காதீங்க, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ்லயும் பாதிதான் வரும். கோ-பே, அதாவது பில்லுல நாம கட்டவேண்டிய பங்கு, 20 சதவீதம்னா 4 லட்சம் பில்லுக்கு 80,000 நம்ம கைல இருந்து. இது ரெண்டும் இல்லாத பாலிசியா பாத்துதான் எடுத்தேன், பிரீமியம் ஜாஸ்திதான்.

2025 செப்டம்பர்ல இருந்து பிரீமியத்து மேல இருந்த 18 சதவீத ஜிஎஸ்டிய எடுத்துட்டாங்க, நல்ல விஷயம். ஆனா வயசாக வயசாக பிரீமியம் ஏறத்தான் செய்யும், வருஷம் 10 சதவீதம் ஏறுனாகூட ஏழெட்டு வருஷத்துல டபுள். அதுக்காக பிஎஃப் பணத்துல 10 லட்சத்த போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்துல போடப்போறேன், 8.2 சதவீதம்னா 3 மாசத்துக்கு 20,500 வரும், அத வேற எதுக்கும் தொடக்கூடாதுன்னு வீட்ல பேசி வச்சிருக்கோம்.

ஏற்காட்டுல எஸ்டேட் வேலைக்கு போற எங்க அக்காவுக்கு இதெல்லாம் கட்டுபடியாகாது. வருஷ வருமானம் 1,20,000க்குள்ளதான், அதனால விஏஓ கிட்ட வருமான சான்று வாங்கி, ரேஷன் கார்டு ஆதாரோட கலெக்டர் ஆபீஸ் கூட்டிட்டு போயி முதலமைச்சர் காப்பீட்டு கார்டு எடுத்து குடுத்தேன், அதுலயும் 5 லட்சம் கவர். மாச மாத்திரைக்கு அது உதவாது, அதுக்கு கம்மி விலைல மாத்திரை கிடைக்கிற மக்கள் மருந்தகம்தான். நான் இங்க சேலத்துலயே வாங்கி மேல போற பஸ்ல குடுத்து விட்டுர்றேன்.