மண்டைக்காட்டில் ஆச்சியின் நேர்ச்சை

ஆச்சியின் வருஷத் திவசம் கழிந்ததும் அம்மை சொன்ன முதல் வார்த்தை, "இந்த மாசிக் கொடைக்கு மண்டைக்காடு போயிரணும், நேர்ச்சை நிக்குது" என்பதுதான். குமரிக் கடற்கரையில் இருக்கும் மண்டைக்காட்டு பகவதியம்மன் கோவிலின் மாசித் திருவிழாவைத்தான் கொடை என்போம்; அம்மனுக்கு வைக்கும் வேண்டுதல்தான் நேர்ச்சை.

அந்த நேர்ச்சை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாருக்காகவும் இல்லை. எதிர்வீட்டில் தையல் மெஷினை வைத்துக் குடும்பத்தை ஓட்டும் அக்காவின் மகளுக்காக. பிளஸ் டூ முடித்து, நர்சிங் சீட் கிடைக்குமோ கிடைக்காதோ என்று அழுதுகொண்டிருந்தவளை ஆச்சி பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு சீட் கிடைச்சா இருமுடி கட்டி வாறேன்னு அம்மன்கிட்ட சொல்லியாச்சு மக்களே, கண்ணைத் தொடை" என்றாள். சீட் கிடைத்தது. ஆனால் அதற்குள் ஆச்சிக்கு நடமாட்டம் நின்றுபோயிற்று. கட்டிலில் கிடந்தபடி கடைசிவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆச்சி படித்தது திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிக்கூடத்தில். மலையாளமும் தமிழும் எழுதுவாள். மேலே படிக்க வீட்டில் விடவில்லை. அந்த ஆற்றாமையை யார்மேலும் கோபமாகக் காட்டாமல், திண்ணையில் சாயங்காலப் படிப்பாக மாற்றிவிட்டாள். கல்ஃபிலிருந்து வரும் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு தெருப் பெண்கள் அவளிடம் ஓடிவருவார்கள். வாசித்துக் கொடுப்பாள். கொஞ்ச நாளில், "ஒனக்கு மாப்பிள்ளை எழுதினதை நான் வாசிக்கலாமாட்டி? நீயே படி" என்று சிலேட்டைக் கையில் கொடுத்துவிடுவாள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே குமரி மாவட்டம்தான் முதல், 91.75 சதவீதம் என்று நான் பேப்பரைப் பார்த்து வாசித்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆச்சி மட்டும், "மிச்சம் நூத்துக்கு எட்டுப் பேரு யாரு?" என்று கேட்டாள்.

வருஷக் கடைசியில் தெருப் பிள்ளைகளின் பழைய நோட்டுகளையெல்லாம் வாங்கி, எழுதாத தாள்களை மட்டும் கிழித்து அடுக்கி, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைப்பாள். கோடு போட்ட தாளும் போடாத தாளும் கலந்து கிடக்கும். காலண்டர் தாளை அட்டையாக ஒட்டுவாள். பெரும்பாலும் மண்டைக்காட்டு அம்மன் படம் போட்ட காலண்டர்தான். அந்த நோட்டில் கணக்குப் போட்டுப் படித்தவர்களில் நானும் ஒருத்தி.

இருமுடியை யார் எடுப்பது என்று வந்தபோது அம்மை யோசிக்கவே இல்லை. "யாருக்காக நேர்ந்தாளோ அவளே எடுக்கட்டும்." அந்தப் பெண் விரதம் இருந்து, விடுதியிலிருந்து லீவு போட்டு வந்தாள்.

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறியதிலிருந்தே நெருக்கம். கொல்லம், திருவனந்தபுரம் பக்கத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தலையில் கட்டோடு, "அம்மே சரணம், தேவி சரணம்" என்று வந்துகொண்டே இருந்தார்கள். அந்தக் கூட்டம் மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது. வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு. பஸ் நின்ற இடத்திலிருந்து கோவில் வரைக்கும் ஆட்டோக்காரர் கேட்ட காசில் நாகர்கோவிலுக்கே திரும்பிவிடலாம். செருப்பு வைக்க ஒரு காசு, எடுக்க ஒரு காசு. "வரிசை வேண்டாம், நேரே உள்ளே கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவன் அம்மையின் கையையே பிடித்துவிட்டான். வயசான பெண்கள் வெயிலில் தண்ணீர் இல்லாமல் நிற்கும் இடத்தில் இப்படிப் பிடுங்குவது அம்மனுக்கு அடுக்குமா?

முதலில் கடலுக்குப் போனோம். 2004 டிசம்பர் 26 அன்று இதே கடல்தான் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகளில் வீடு வீடாகப் புகுந்து வாரிக்கொண்டு போனது. மறுநாளே ஆச்சி தெருப் பெண்களைக் கூட்டி, கஞ்சியும் சிறுபயறும் வைத்து முகாமுக்குக் கொண்டுபோனாள். கூடவே அந்தத் தைத்த நோட்டுகளும். "சோறு எல்லாரும் குடுப்பாங்க. பிள்ளைய சும்மா இருந்தா நினைச்சு நினைச்சு அழும்" என்றாள். சர்ச்சுக்குப் போகும் பிள்ளைகளா, கோவிலுக்குப் போகும் பிள்ளைகளா என்று அவளுக்குக் கணக்கே கிடையாது. அலையில் காலை நனைத்ததும் அம்மைக்கு அதெல்லாம் நினைவு வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

வரிசையில் நேரம் போனதே தெரியவில்லை என்று சொன்னால் பொய். கால் கடுத்துப்போயிற்று. ஆனால் உள்ளே திரும்பி, சந்தனக் காப்பில், அம்மனாகவே கும்பிடும் அந்தப் புற்று முழுசாய் எழுந்து நிற்பதைக் கண்டதும் உடம்பு நடுங்கிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் அம்மன் முகம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் வார்த்தை வராது.

ஆச்சி இங்கே நின்றால் லேசில் நகரமாட்டாள். பால்காரர் மகன், அடுத்த தெரு இரட்டைப் பிள்ளைகள், பரீட்சையில் தோற்ற பையன் என்று ஊரார் பிள்ளைகளின் பெயரையெல்லாம் முதலில் சொல்லுவாள். எங்கள் பெயர் கடைசியில்தான் வரும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அம்மைதான், "போதும் அம்மா, நகரு" என்று இழுத்துக்கொண்டு வருவாள். அந்த அம்மை அன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே பெயர்களை அதே வரிசையில் சொன்னாள். புதுசாகப் பிறந்த பிள்ளைகளின் பெயரும் சேர்ந்திருந்தது. பின்னாலிருந்து தள்ளினார்கள். நான் இரண்டு கையையும் விரித்து அவளுக்கு இடம் பிடித்து நின்றேன். பக்கத்தில் இருமுடியோடு அந்தப் பெண் விம்மி விம்மி அழுதாள். பூசை செய்யும் போற்றி திருநீறும் பூவும் கொடுத்தபோது கை நீட்டக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அவரே பொறுமையாகக் காத்திருந்து கொடுத்தார்; அவர் நன்றாக இருக்கட்டும்.

வெளியே பொங்கலிட்டோம். விறகு ஈரம், புகை கண்ணைக் கரித்தது. பக்கத்து அடுப்பு கொல்லத்து அம்மா கேட்காமலேயே நாலு காய்ந்த ஓலையைத் தள்ளிவைத்தார். ஆச்சிக்குத் தலைவலி வந்தால் நேர்கிற மண்டையப்பத்தையும் வாங்கி, அங்கேயே சுற்றியிருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். கொடையின் கடைசி நாள் நடக்கும் ஒடுக்கு பூஜை பார்க்க இருக்க முடியவில்லை; அந்தப் பெண்ணுக்கு மறுநாள் வார்டு டூட்டி.

தாயே, நேர்ந்தவள் இல்லாமல் போனாலும் நேர்ச்சையை நிற்கவிடாமல் எங்களை நடத்திக் கூட்டிவந்தாயே. திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண், சம்பளம் வாங்கத் தொடங்கியதும் தெருவில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைத் தான் எடுத்துக்கொள்வதாக நேர்ந்துகொண்டேன் என்றாள். எந்தப் பிள்ளை என்று அம்மை அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.